வார்சார் 255: திட்டிக்கொண்டே ஒரு ரிவ்யூ

மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளில் இருந்த பழைய டேட்டாபேஸ் ஒன்றை அதன் 8.0 பதிப்புக்கு ஏற்றி முடித்திருக்கிறேன். கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டேபிளைத் திறந்தால் எல்லாம் வார்சார், அதாவது அதிகபட்சம் எத்தனை எழுத்து என்று சொல்லி வைக்கும் எழுத்து வகை: பெயர் 255, ஊர் 255, பின்கோடு 255. ஆறு இலக்கப் பின்கோடுக்கு எதற்கய்யா 255?

அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. 5.0.3-க்கு முன் வார்சாரின் உச்ச வரம்பே 255தான். பிறகு 65,535 வரை வைக்கலாம் என்று ஆனது. 255 பைட் வரை என்றால் நீளத்தைக் குறிக்க ஒரு பைட் போதும், தாண்டினால் இரண்டு என்று சமாதானம் சொன்னார்கள். எமோஜி உட்பட எல்லா எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்8எம்பி4 முறையில் ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை ஆகும். அதே 255 இப்போது 1,020 பைட். அந்தச் சமாதானமும் போச்சு.

என்னைப் படுத்தியது வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ்தான். டேபிளின் வரிகளைச் சேமிக்கும் பழைய முறையான காம்பாக்ட் ரோ ஃபார்மேட்டில் இன்டெக்ஸ் வரம்பு 767 பைட். மூன்று பைட் யூடிஎஃப்8 இருந்தவரை 255 பெருக்கல் 3, 765, எப்படியோ நுழைந்துகொண்டது. எமோஜி வேண்டும் என்று நான்கு பைட்டுக்கு மாற்றியதும் கதவு அடைத்துவிட்டது. சர்வரை மட்டும் 8.0 ஆக்கினால் பழைய டேபிளின் ரோ ஃபார்மேட் மாறாது. ஒவ்வொன்றையும் டைனமிக் ஃபார்மேட் ஆக்கினால்தான் வரம்பு 3,072-க்குப் போகும். இதைச் செய்யச் சோம்பல்பட்டு எனக்கு முன்னால் யாரோ சில நெடுவரிசைகளை (column) 191 ஆக்கியிருக்கிறார்கள் (191 பெருக்கல் 4, 764). இரண்டு டேபிளில் ஒரே இமெயில், இரண்டு அளவு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 'குமார்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; வார்சார் எண்ணுவது கால், புள்ளி எல்லாம் சேர்த்து ஆறு, மொத்தம் 18 பைட். அளந்து வைக்கிறேன் பேர்வழி என்று 30 போட்டிருந்த நெடுவரிசையில், அளவு மீறினால் பிழை காட்டும் ஸ்ட்ரிக்ட் மோடும் இல்லாததால், நீளமான பெயர்கள் கடைசிப் புள்ளியை இழந்து நின்றன. 255-இல் ஒரு பெயரும் அறுபடவில்லை.

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில், நீளம் குறிப்பிடத் தேவையில்லாத டெக்ஸ்ட் வகைக்கும் வார்சாருக்கும் வேக வித்தியாசமே கிடையாது. அங்கேயும் 255 எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் கைப்பழக்கம்.

புது டேபிளுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டால், பின்கோடுக்கு 6, பெயருக்கு 255 என்பேன். 191 மட்டும் என் கண்ணில் படக் கூடாது.