பிளானைக் குறைத்தேன், பில் ஏறிவிட்டது: தவணையில் புது போன் வாங்கப் போகிறவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் என் மொபைல் பிளானைப் பெரியதிலிருந்து சின்னதுக்கு மாற்றினேன். அடுத்த மாதம் பில் வந்தது. தொகை கூடியிருந்தது. ஏதோ கணக்குக் கோளாறு என்று நினைத்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். கோளாறு ஒன்றும் இல்லை, எல்லாம் விதிப்படி சரியாக நடந்திருக்கிறது என்றார்கள். அந்த விதி என்ன என்று எனக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் கணிசமான பணம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயரைச் சொன்னால், "சரி, அவர்களிடம் வாங்காமல் இருந்தால் போதும்" என்று தோன்றிவிடும். இதே மாதிரித் திட்டத்தை விற்கிறவர்கள் பல பேர் இருக்கிறார்கள். தொகைகளையும் எந்த நாணயத்திலும் சொல்லாமல் வெறும் எண்ணாகவே சொல்கிறேன். போனின் முழு விலை 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதே அளவில்.

என் பழைய போனின் திரையில் பாதி வேலை செய்யவில்லை. அவசரமாக அந்த நிறுவனத்தின் கடைக்குப் போனேன். கவுண்டருக்கு மேலே பெரிய போஸ்டர். அதில் நான் வாங்க நினைத்த போனின் படம், கீழே கொட்டை எழுத்தில் "மாதம் 10 மட்டும்". அந்த 10-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் நல்ல மாதிரிதான் பேசினார். "போன் கிட்டத்தட்ட இலவசம் மாதிரிதான் மேடம். ஒப்பந்தம் எதுவும் கிடையாது. எப்ப வேணும்னாலும் விட்டுட்டுப் போகலாம்" என்றார். டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, கையெழுத்துக் கட்டம் வரும் வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே போனார். நானும் விரலால் கையெழுத்துப் போட்டேன். அவர் தள்ளிவிட்டுப் போனது பதினெட்டுப் பக்கம் என்பது, பல மாதம் கழித்து மின்னஞ்சலில் வந்திருந்த பிரதியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் இருந்தது இதுதான். போன் எனக்குத் தள்ளுபடி விலையில் விற்கப்படவில்லை. முழு விலை 1200-க்கே விற்கப்பட்டது, 24 தவணை, மாதம் 50. தள்ளுபடி என்பது தனியாக ஒவ்வொரு மாத பில்லிலும் 40 வரவு வைப்பது. பில் கிரெடிட் என்கிறார்கள். 50-இல் 40 போனால் 10. போஸ்டரில் இருந்த 10 இதுதான். ஆனால் இந்த 40 வர வேண்டும் என்றால் அவர்களுடைய பெரிய அன்லிமிடெட் பிளானில் இருக்க வேண்டும். அது மாதம் 70. பிளானைக் குறைத்தாலோ, வேறு நிறுவனத்துக்குப் போனாலோ 40 நின்றுவிடும். 50 நிற்காது.

இதோடு போன் இன்சூரன்ஸ் மாதம் 9. இதை நான் கேட்கவே இல்லை, படிவத்தில் முன்கூட்டியே டிக் அடித்திருந்தது. இணைப்பைத் தொடங்க ஒரு முறைக் கட்டணம் 35. ஆக, 10 என்று பார்த்துவிட்டு உள்ளே போன எனக்கு மாதாமாதம் வந்த பில் 89.

எட்டொன்பது மாதம் இதைக் கட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் போன் அமைப்புகளில் டேட்டா பயன்பாட்டைப் பார்த்தேன். எந்த மாதமும் 6 ஜிபியைத் தாண்டவில்லை. வீட்டில் வைஃபை, வேலை இடத்தில் வைஃபை. நடுவில் போகும் வழியில் மட்டும்தான் மொபைல் டேட்டா. 6 ஜிபிக்கு எதற்கு அன்லிமிடெட் என்று ஆப்பிலேயே அவர்களுடைய 45 பிளானுக்கு மாறினேன். மாற்றும்போது "உங்கள் சலுகைகள் மாறக்கூடும்" என்று ஒரு வரி வந்தது. சரி என்று அழுத்தினேன். அழுத்தியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் "உங்கள் பில் 15 கூடும்" என்று ஒரு எண்ணைப் போடுவதற்கு அந்தத் திரையில் இடம் இல்லாமல் போகவில்லை.

அடுத்த பில்: பிளான் 45, போன் தவணை 50, இன்சூரன்ஸ் 9. மொத்தம் 104.

நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு லைனில் வந்த பெண்ணிடம், "அப்போ பழைய பிளானுக்கே போட்டுவிடுங்கள், அந்த 40 திரும்ப வரட்டும்" என்றேன். "பிளானைப் போட்டுவிடலாம் மேடம். ஆனால் கிரெடிட் ஒரு தடவை நின்றால் நின்றதுதான்" என்றார். கிரெடிட் வரும் என்று சொன்ன வாயால் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று கேட்டேன். "ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஏழாவது பக்கம்" என்றார். பார்த்தேன், இருந்தது. இன்சூரன்ஸை மட்டும் அன்றே நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் என் தம்பி வந்தான். கதையைச் சொன்னேன். ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தான். நான் எதையும் மாற்றாமல் 24 மாதமும் இருந்திருந்தால் கட்டியிருக்கக்கூடியது 89 பெருக்கல் 24, அதாவது 2136. தொடக்கக் கட்டணம் 35. மொத்தம் 2171. அதே போனை வெளியில் 1200 கொடுத்து வாங்கி, என் 6 ஜிபிக்குப் பொருத்தமான 25 பிளானைப் போட்டிருந்தால் 1200 கூட்டல் 600, மொத்தம் 1800. "அக்கா, நீ எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சிருந்தாலும் 371 நஷ்டம்" என்றான். பிளானை மாற்றியதால்தான் ஏமாந்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்ட நாளிலேயே ஏமாந்திருக்கிறேன்.

அப்புறம் கவரைத் திருப்பி இன்னொரு கணக்கு. இப்படியே 45 பிளானோடு இழுத்தால், இதுவரை கட்டியதையும் சேர்த்துக் கடைசியில் மொத்தம் 2270 ஆகும். மீதித் தவணை 700-ஐ ஒரேயடியாகக் கட்டிவிட்டு, மீதி 14 மாதத்துக்கு வேறு இடத்தில் 25 பிளானுக்குப் போனால் அதே மாதிரி மொத்தம் 1990. கையில் இருந்த சேமிப்பில் ஒரு பெரிய துண்டு போகும். ஆனாலும் 280 மிச்சம். மறுநாளே கட்டினேன்.

"ஒப்பந்தம் கிடையாது" என்ற பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நான் விழுந்தது அந்த வார்த்தையில்தான். சேவைக்கு ஒப்பந்தம் இல்லை என்பது பொய் இல்லை. போனுக்குக் கடன் இருக்கிறது, விட்டுப் போனால் அந்தக் கடனை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை. இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் டி-மொபைல் என்ற மொபைல் நிறுவனம் 2013-இல் ஒப்பந்தமே கிடையாது என்று விளம்பரம் செய்தபோது, வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் (அந்த மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) இதே குறையைத்தான் சுட்டிக்காட்டினார். விலகினால் போனின் மீதித் தொகை முழுவதையும் கட்ட வேண்டும் என்பதை விளம்பரம் தெளிவாகச் சொல்லவில்லை என்று. நிறுவனமும் விளம்பரத்தைத் திருத்த ஒப்புக்கொண்டது.

போன் விலையைக் குறைத்துக் காட்டி மாதக் கட்டணத்தில் எடுப்பதும் புதிது இல்லை. 2008-இல் அமெரிக்காவில் ஐபோன் 3ஜி வந்தபோது, 399 டாலருக்கு விற்ற 8 ஜிபி போன் 199 டாலராகக் குறைந்தது. ஆனால் டேட்டா கட்டணம் மாதம் 20-இலிருந்து 30 டாலர் ஆனது. இரண்டு வருட ஒப்பந்தம், 24 மாதம், 240 டாலர் கூடுதல். 200 குறைத்து 240 வாங்கினார்கள். பழைய கட்டணத்தில் சேர்ந்து வந்த எஸ்எம்எஸ்ஸுக்கும் தனிக் காசு.

அடுத்தது லாக். மீதித் தவணையைக் கட்டுவதற்கு முன்பு, எங்கள் வீட்டில் வேறு நிறுவனத்தின் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தம்பி தன் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டான். திரையில் "இந்த சிம் ஆதரிக்கப்படவில்லை" என்று வந்து நின்றது. அணைத்து ஏற்றினாலும் அதேதான். கடன் தீரும் வரை போன் அவர்கள் நெட்வொர்க்கில் மட்டும்தான் வேலை செய்யும். அதாவது அந்தப் பத்து மாதத்தில் எங்காவது பயணம் போயிருந்தால் அங்கே மலிவான சிம் வாங்கிப் போட்டிருக்க முடியாது, அவர்களுடைய ரோமிங் கட்டணத்தைத்தான் கட்டியிருக்க வேண்டும். கனடாவில் 2017 டிசம்பர் முதல் புது போன்களை லாக் செய்யாமல்தான் விற்க வேண்டும், பிரிட்டனிலும் 2021 டிசம்பரில் லாக் செய்த போன் விற்பதைத் தடை செய்தார்கள். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஐபோன் என்றால் அமைப்புகளில் ஜெனரல், அதற்குள் அபௌட், அங்கே கேரியர் லாக் என்ற வரி இருக்கும். "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் பூட்டு இல்லை. மற்ற போன்களில் இன்னொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் நேரான வழி. அதைக் கவுண்டரிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்பே செய்து பாருங்கள்.

எனக்குப் பணம் கட்டிய பிறகும் தானாகத் திறக்கவில்லை. கோரிக்கை கொடுக்க வேண்டும், அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது போனின் அடையாள எண், வேண்டும் என்றார்கள். *#06# அழுத்தினால் அந்த 15 இலக்க எண் வரும். நான்கு நாள் ஆனது.

அன்லிமிடெட் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். என் பிளானில் போனுக்குள் டேட்டா அன்லிமிடெட்தான். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு இருந்தது, அது தீர்ந்தால் வேகம் 128 கேபிபிஎஸ். ஒருநாள் வீட்டு வைஃபை போய், லேப்டாப்பை போனோடு இணைத்து ஒரு அவசர வேலையை அனுப்ப உட்கார்ந்தேன். அந்த அளவு ஏற்கெனவே தீர்ந்திருக்கிறது. 128 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 16 கிலோபைட். 2 எம்பி படம் ஒன்று போக இரண்டு நிமிடத்துக்கு மேல். அனுப்ப வேண்டியது பதினொரு படம். நீலக் கோடு நகர்கிறதா இல்லையா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. என்ற மொபைல் நிறுவனம் அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, சிலருக்கு மாதம் 2 ஜிபி தாண்டியதுமே வேகத்தைக் குறைத்தது என்று 2014-இல் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு வழக்குப் போட்டது. 2019-இல் 6 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். ஆகவே எத்தனை ஜிபி வரை முழு வேகம், அதற்குப் பிறகு எத்தனை கேபிபிஎஸ், ஹாட்ஸ்பாட்டுக்கு எவ்வளவு என்ற மூன்று எண்களையும் வாங்கிக்கொள்ளாமல் அன்லிமிடெட் என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது வாங்கப் போகிறவர்கள் முதலில் உங்கள் பழைய போனிலேயே கடந்த மூன்று மாத டேட்டாவைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் போனால் உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைக் கவுண்டரில் இருப்பவர்தான் முடிவு செய்வார். அப்புறம் அவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இந்த 24 மாதத்தில் (சிலர் 36 மாதம் போடுகிறார்கள்) என் கையிலிருந்து போகும் மொத்தத் தொகை எவ்வளவு, வரியும் தொடக்கக் கட்டணமும் சேர்த்து? பத்தாவது மாதம் நான் விலகினால் அன்றைக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? வாய்ச்சொல் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப முடியாது என்றால் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால், திரை உடைந்தால் உங்கள் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். என்னுடையதில் அந்தப் பங்கே திரை மாற்றும் செலவில் பாதிக்கு மேல் இருந்தது.

பெரிய பிளான் யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் வைஃபை இல்லாதவர்கள், நாள் முழுக்க வெளியில் சுற்றுகிறவர்கள், 24 மாதமும் அசையாமல் அதே பிளானில் இருக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கிரெடிட் திட்டம் உண்மையிலேயே லாபமாகக்கூட இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் இப்போது இருக்கும் சின்ன நிறுவனத்துக்குச் சொந்தமாக டவர் கிடையாது. பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். கூட்டம் அதிகமான இடத்தில் பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு முதல் இடம் கிடைக்கலாம், நமக்கு வேகம் கொஞ்சம் குறையலாம். எனக்கு இதுவரை தொந்தரவு இல்லை. பழைய எண்ணையே கொண்டு வந்தேன். அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பழைய இணைப்பை நீங்களாக முதலில் ரத்து செய்துவிடாதீர்கள். புது இடத்தில் போர்ட் செய்யக் கொடுங்கள், அது முடிந்ததும் பழையது தானாக நிற்கும். முதலில் ரத்து செய்தால் எண் கையை விட்டுப் போகலாம்.

கேட்காமலே சேர்த்த இன்சூரன்ஸுக்குப் பத்து மாதம் கட்டிய 90-ஐத் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். முன்கூட்டியே டிக் அடித்திருந்த அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறேன். முப்பது நாளில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள்.