தமிழ் பிடிஎஃப் படிக்க, திருத்த: சில வருடப் பழக்கத்தில் என்னிடம் நிலைத்த மென்பொருள்கள்

தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். நாளின் பெரும்பகுதி பிடிஎஃப் கோப்புகளோடுதான் போகிறது. முன்பு சந்தா கட்டி ஒரு பெரிய மென்பொருளை வைத்திருந்தேன். அதை விட்டதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. நான் கேட்டதெல்லாம் தமிழ் எழுத்து குலையாமல் இருக்க வேண்டும் என்பதுதான். அது அங்கேயும் கிடைக்கவில்லை.

அடோபி 1993இல் கொண்டுவந்த இந்த வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. இதற்கு யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம், நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் செய்யும் ஒன்றைத் தேடுவதைவிட, படிக்க ஒன்று, குறிக்க ஒன்று, பக்கம் மாற்ற ஒன்று என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்கு ஒத்துவந்தது.

படிக்க சுமத்ராபிடிஎஃப். விண்டோஸில் மட்டும் ஓடும். சின்ன மென்பொருள், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து திறக்கலாம். மூடிய பக்கத்திலேயே மறுபடி திறக்கும். ஈபப், டிஜாவு போன்ற வேறு வடிவக் கோப்புகளையும் படிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: அது கோப்பைப் பூட்டி வைப்பதில்லை. லேஅவுட் செய்பவர் புதிய பிடிஎஃப்பை அதே பெயரில் சேமித்தால், திறந்திருக்கும் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சரிபார்க்கும்போது இது பெரிய வசதி.

மெய்ப்புக் குறிப்புகளுக்கு ஒகுலார். கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் உருவாக்கியது. லினக்ஸில் பிறந்தாலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விண்டோஸுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. குறைந்த மின்சாரம், பழைய கணினியிலும் ஓடும் தன்மை போன்றவற்றுக்காக ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் சூழல் முத்திரையை 2022இல் பெற்றது. மென்பொருள் ஒன்றுக்கு அந்த முத்திரை கிடைத்தது அதுவே முதல் முறை. வண்ணமடித்தல், அடிக்கோடு, ஒட்டுக் குறிப்பு எல்லாம் உண்டு. கோப்பிலேயே சேமித்து அனுப்பினால் எதிர்த்தரப்பில் வேறு மென்பொருளிலும் குறிப்புகள் தெரிகின்றன. தமிழில் எழுதுவதை ஒட்டுக் குறிப்புக்குள் எழுதுங்கள். பக்கத்தின் மேலேயே நேரடியாகத் தட்டச்சு செய்தால், சில மென்பொருள்களில் கொம்பும் காலும் விலகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி தமிழுக்கே உரிய தலைவலி. ஒரு பிடிஎஃப்பில் ‘கொடி’ என்று தேடினால் கிடைக்காது. கண்ணுக்கு நேராக அந்தச் சொல் இருக்கும். கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. பிடிஎஃப்பிலோ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். அவற்றுக்கு உரிய எழுத்துகள் எவை, எந்த வரிசை என்ற விவரத்தைக் கோப்பை உருவாக்கிய மென்பொருள் உள்ளே சரியாக எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த வாசிப்பு மென்பொருளை மாற்றினாலும் தேடலும் நகலெடுப்பும் குளறுபடிதான். குறையைப் படிக்கும் மென்பொருள் மேல் போட்டு ஒவ்வொன்றாக நிறுவிப் பார்ப்பவர்கள் பலர். அந்த நேரம் வீண். நான் கொம்பு வரும் எழுத்தை விட்டுவிட்டுத் தேடுகிறேன். ‘போராட்டம்’ வேண்டுமென்றால் ‘ராட்டம்’. பல கோப்புகளில் இது போதும்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்கள் காலத்துக் கோப்புகள் இன்னும் மோசம். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் குவியலாக வரும். எழுத்துரு எதுவென்று தெரிந்தால் எழுத்துரு மாற்றி மென்பொருளால் யூனிகோடாக்கலாம். தெரியாவிட்டாலும், வெறும் ஸ்கேன் படமாக இருந்தாலும், படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர்மைபிடிஎஃப் உதவும். அது பயன்படுத்தும் எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட்டின் தமிழ்த் தரவையும் சேர்த்து நிறுவிக்கொள்ள வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை மாற்றாமல், அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கு ஒன்றைச் சேர்த்துவிடும், தேட முடியும். கட்டளை வரியில் இயக்க வேண்டியது என்பதால் முதல் நாள் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், பழைய ணை, லை, றா வரும் இடங்களில் பிழை கூடுகிறது. தேடுவதற்குச் சரி, மேற்கோள் காட்ட மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

உள்ளடக்கத்தையே திருத்துவது பற்றி என் கருத்து கறாரானது: தமிழில் அதை முயலாதீர்கள். லிப்ரெஆபிஸ் டிரா பிடிஎஃப்பைத் திறக்கும். ஆனால் பத்தியைத் துண்டு துண்டு வரிகளாகப் பிரித்துத்தான் தரும். கோப்பில் பயன்பட்ட எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். ஆங்கிலக் கடிதத்தில் ஒரு தேதியை மாற்ற அது போதும். தமிழ்ப் பத்தி என்றால் வேர்டோ இன்டிசைனோ, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி.

விண்ணப்பப் படிவம் நிரப்புவது வேறு வேலை. அதற்கு சோர்னல் பிளஸ் பிளஸ் வைத்திருக்கிறேன். படிவத்தின் மேல் எந்த இடத்திலும் எழுதலாம், கையெழுத்துப் படத்தை ஒட்டலாம். தமிழ் எழுத்து உடையாமல் நிற்கிறது. வெறுமனே சேமித்தால் அதன் சொந்த வடிவத்தில் போகும். ஏற்றுமதி கொடுத்தால்தான் பிடிஎஃப்.

பக்கங்களைச் சேர்க்க, நீக்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர். இழுத்துப் போட்டால் முடிந்தது. இந்த வேலைக்காகத்தான் நிறையப் பேர் இணையதளங்களுக்குப் போய் ஆதாரையும் பட்டாவையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் ஏற்றுகிறார்கள். முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்பித் திரும்பப் பெற வேண்டிய வேலையே இல்லை இது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

அப்புறம், ஆதார் எண்ணை மறைக்கக் கறுப்புக் கட்டம் வரைவது. எழுத்து அப்படியே அடியில் இருக்கும், நகலெடுத்தால் வந்துவிடும். லிப்ரெஆபிஸில் இதற்கென்றே மறைப்பு வசதி இருக்கிறது. பக்கத்தைப் படமாக மாற்றி மறைத்துத் தரும். ஆதாருக்கு அதுகூட வேண்டாம், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் பதிப்பை ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம்.

இவை எதிலும் திறக்காத ஒரு வகை இருக்கிறது. ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் அது எக்ஸ்எஃப்ஏ என்ற தனி வகைப் படிவம். கனடா குடிவரவுப் படிவங்கள் சிலவற்றில் பார்த்திருப்பீர்கள். ஃபயர்பாக்ஸ் 2021இலிருந்து இவற்றைக் காட்டுகிறது. ஆனால் சமர்ப்பிக்க வேண்டிய படிவம் என்றால் அடோபியின் இலவச ரீடரையே நிறுவிக்கொள்வது நல்லது. நானும் அதற்காக மட்டும் வைத்திருக்கிறேன். இலக்கமுறைக் கையொப்பமிட்ட சான்றிதழ்களைப் பிரித்தாலோ சுருக்கினாலோ கையொப்பம் செல்லாமல் போய்விடும். அசலைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு நகலில் கைவையுங்கள்.