ஆர்.வி. பயணம்: காட்டு நிழலா, கரண்ட் வசதியா?

கலிஃபோர்னியாவில் முதல்முறை ஆர்.வி. (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபுல் ஹூக்கப் இருக்கிற இடமா பார்த்துச் சொல்லுங்க." காரணம் புரிகிறது. வயதானவர்கள் வருகிறார்கள், குழந்தைகள் வருகிறார்கள். கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் வண்டியை ஒட்டியே இருந்தால் நிம்மதி என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது கோடையில் யார் கேட்டாலும், கரண்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மரத்தடியில் இடம் பிடியுங்கள் என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். அந்த யோசனை எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜூலை மாதம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, 24 அடி நீள கிளாஸ் சி (நடுத்தர அளவு ஆர்.வி.) வண்டியில் ஃபிரீமான்ட்டிலிருந்து வடக்கே கிளம்பினோம். முதல் ராத்திரி ரெட்டிங் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆர்.வி. பார்க். சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் வடகோடி அது. ஜூலையில் 40 டிகிரி செல்சியஸ் அங்கே சாதாரணம். இடத்தைக் குறை சொல்ல முடியாது. சுத்தமான சரளைக்கல் தளம், 70 அடி நீளம், நேரே உள்ளே போய் நேரே வெளியே வந்துவிடலாம். 30 ஆம்ப் இணைப்பு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மரக்கன்று நட்டிருந்தார்கள், என் மகள் உயரத்துக்கு.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து ஏசியைப் போட்டோம். ஏழு மணி வரை யாரும் வெளியே இறங்கவில்லை. வெளியே இருந்த பெஞ்சில் கை வைக்க முடியவில்லை. வண்டியின் பக்கவாட்டிலிருந்து விரியும் துணிப் பந்தலான ஆனிங்கை விரித்துப் பார்த்தேன். சாயங்கால வெயில் அதற்கு அடியில் புகுந்து நேராக வண்டியின் பக்கவாட்டில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பி ஆனிங்கைத் தூக்க ஆரம்பித்ததும் சுருட்டிவிட்டேன். உள்ளே கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் இன்னும் சூடாகும் என்று அம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கரை வைத்தார். முதல் விசில் வருவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

கணக்கு எளிதுதான். 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். கூரை ஏசி கிட்டத்தட்ட 1,500 வாட் இழுக்கும், ஃப்ரிட்ஜ் 300-க்கு மேல், அடுப்பு 1,800. பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? ஏசியை நிறுத்திவிட்டுச் சோறு பொங்கினோம். ஆர்.வி. சுவர் இரண்டு அங்குல கனம்தான். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. அப்பா எதற்கும் முகம் சுளிக்காதவர். அவரே, "இதுக்குள்ளயே உட்கார்ந்திருக்கவாப்பா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எல்லாமே இருந்தது. கரண்ட் வண்டிக்கு உள்ளே குளிர்ச்சி கொடுத்தது. ஆனால் வண்டிக்கு உள்ளே இருப்பது ஒரு சின்ன அறை. அதில் ஆறு பேர். நாங்கள் பயணம் வந்தது வெளியே இருப்பதற்கு. அந்த வெளியை எந்த ஆம்ப்பும் கொடுக்காது.

மறுநாள் 299-ஆம் எண் சாலையில் மலை தாண்டி, கடற்கரையை ஒட்டி வடக்கே போய், மாலை நான்கு மணிக்கு ஜெடிடயா ஸ்மித் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவை அடைந்தோம். ஸ்மித் ஆற்றங்கரையில், ரெட்வுட் என்ற மிக உயரமான மரங்களின் பழைய காட்டுக்குள்ளேயே கேம்ப்கிரவுண்ட். ஒரு இரவுக்கு 35 டாலர். முந்தின ராத்திரி கொடுத்ததில் பாதிகூட இல்லை. கரண்ட் இல்லை, தளத்தில் குழாய் இல்லை. மேசை, நெருப்பு வளையம், கரடிக்குப் பயந்து சாப்பாட்டைப் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான்.

இன்ஜினை அணைத்ததும் அம்மா தானே கதவைத் திறந்து, மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வெளிச்சம் பச்சையாக, ஆறு மணிபோல இருந்தது. காய்ந்த இலைச் சருகு மெத்தைபோல காலடியில் அமுங்கியது. அம்மா மரப்பட்டையைத் தடவிப் பார்த்தார். ரெட்வுட் பட்டை நார் நாராக இருக்கும், ஒரு அடி கனம்கூட வரும். "தேங்காய் மட்டை மாதிரியே இருக்குடா" என்றார். அன்றைக்கு ராத்திரி வெளியிலேயே கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்து, ஒன்பதரை வரை வெளியிலேயே இருந்தோம். இரண்டு நாளும் ஏசி என்ற பேச்சே எழவில்லை.

இதில் கடலோரக் குளிர்ச்சிக்கும் பங்கு உண்டு என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ரெட்டிங்கையும் ரெட்வுட் கடற்கரையையும் ஒப்பிட்டு மரத்துக்கே எல்லாப் பெயரையும் கொடுப்பது நியாயமில்லை. அதனால் இன்னொன்றைச் சொல்கிறேன். யோசமிட்டி பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட். ஆகஸ்டில் பகல் வெப்பம் 30-ஐத் தாண்டும். அங்கேயும் எந்தத் தளத்திலும் ஹூக்கப் கிடையாது. கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியிலும், அதோடு வந்த பட்டை வண்டுகளாலும் 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. சியரா மலைக் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் பட்ட மரங்களை வெட்டி எடுத்ததால், ஒரே வளைவில் ஒரு தளம் நிழலாகவும் அடுத்தது வெட்டவெளியாகவும் இருக்கும். எங்களுக்கு வந்தது பைன் மரத்தடி, நண்பர் குடும்பத்துக்கு வந்தது வெட்டவெளி. இரண்டுக்கும் நடுவே நாற்பது அடிகூட இல்லை. காலை பதினொரு மணிக்கு அவர்கள் நாற்காலிகளோடு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். மூன்று நாளும் அப்படியே. அவர்கள் வண்டியில் ஜெனரேட்டர் இருந்தது, ஏசியும் இருந்தது. யோசமிட்டியில் ஜெனரேட்டரைக் காலை, மதியம், மாலை என மூன்று வேளை இரண்டிரண்டு மணி நேரம்தான் ஓட்ட விடுவார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டிலிருந்து ஐந்து வரை அது உதவவில்லை.

உச்ச வெயிலில் இருக்கும் பரப்பைவிட நிழலில் இருக்கும் பரப்பு 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அந்தப் பரப்பு உங்கள் தலைக்கு மேலிருக்கும் மெல்லிய கூரையாக இருக்கும்போது அந்த எண்ணின் அர்த்தம் புரியும்.

அப்படியென்றால் காட்டுத் தளங்கள் ஏன் இவ்வளவு குறுகலாக, ஆர்.வி.க்கு ஒத்துவராத அளவில் இருக்கின்றன? ஜெடிடயா ஸ்மித்தில் 25 அடிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். இதன் பின்னால் உள்ள கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1920-களில் கார் வைத்திருந்தவர்கள் ரெட்வுட் காட்டுக்குள் இஷ்டத்துக்கு ஓட்டிப் போய், எந்த மரத்தடியில் வேண்டுமானாலும் நிறுத்தினார்கள். ரெட்வுட் 90 மீட்டருக்கு மேல் உயர்ந்தாலும் ஆணிவேர் கிடையாது. வேர்கள் இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழத்திலேயே பக்கவாட்டில் ஓடும். சக்கரங்களும் கால்களும் மண்ணை இறுக்கியதில் காற்றும் நீரும் உள்ளே போகாமல் மரங்கள் நலிவதை மெய்னெக்கே என்ற காட்டுமர நோய் வல்லுநர் கவனித்தார். 1932-இல் அவர் ஒரு தீர்வு சொன்னார்: ஒருவழியாகச் சுற்றி வரும் சின்ன சாலை, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கார் நிறுத்தம், கார் அதைத் தாண்டாமல் இருக்கப் பாறை அல்லது மரக்கட்டைத் தடுப்பு. அடுத்த பத்தாண்டில் அரசு வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் நாடு முழுக்க அந்த மாதிரியில் கேம்ப்கிரவுண்டுகளைக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் ரிவர்ஸ் எடுக்கத் திணறும் அந்தச் சாய்வு நிறுத்தம், மர வேரைக் காப்பாற்றப் போட்ட அளவு. அந்த அளவை மதித்ததால்தான் மரம் இன்னும் நிற்கிறது.

ஆகவே 35 அடி வண்டி உங்களுடையது என்றால் பழைய காட்டுத் தளங்களில் பெரும்பாலானவை கைவிட்டுப்போகும். வாடகைக்கு எடுப்பவர்களுக்கு என் யோசனை: ஒரு படுக்கை குறைந்தாலும் 25 அடிக்குள் எடுங்கள்.

மரத்தடிக்கு விலை இல்லாமல் இல்லை. வாடகை வண்டியில் பொதுவாக இரண்டு பேட்டரி இருக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், ராத்திரி ஹீட்டரின் விசிறி இவற்றுக்கு இரண்டு நாள் வரும். கூரையில் சோலார் பேனல் இருந்தாலும் ரெட்வுட் அடியில் அது சும்மா கிடக்கும். பேனலில் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி பெரிதும் சரிந்துவிடும். சாட்டிலைட் இணையத்துக்கும் திறந்த வானம் வேண்டும். பயணத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய குறை. பைன் பிசின் கூரையில் ஒட்டினால் கழுவுவது பாடு. மழை நின்ற பிறகும் மரம் ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். கொசுவும் உண்ணியும் வெட்டவெளியைவிட அதிகம். அப்புறம், வண்டியின் உயரம். கிளாஸ் சி 11, 12 அடி வரும். தாழ்ந்த கிளை ஏசி மூடியைப் பெயர்த்துவிட்டால், பல வாடகை ஒப்பந்தங்களில் கூரைச் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. ஒருவர் இறங்கி மேலே பார்த்துக்கொண்டே வழிகாட்டாமல் நான் காட்டுத் தளத்தில் வண்டியைத் திருப்புவதில்லை.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. ஒன்று மட்டும் அப்படி அல்ல. 2015 ஆகஸ்டில் இதே அப்பர் பைன்ஸில் விடியற்காலையில் ஒரு ஓக் மரக் கிளை முறிந்து கூடாரத்தின் மேல் விழுந்து, பதின்ம வயதினர் இருவர் இறந்தார்கள். ஓக் போன்ற மரங்களில் காற்றே இல்லாத சூடான நாளில்கூடப் பெரிய கிளை திடீரென முறிவது உண்டு. நிழலைத் தேடிப் போகிறவர்கள் நிழல் தரும் கிளையை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். இலையில்லாத கிளை, பாதி முறிந்து தொங்கும் கிளை, அடியில் காளான் முளைத்த மரம், இவற்றில் எது தென்பட்டாலும் நான் ரேஞ்சரிடம் சொல்லி வேறு இடம் கேட்பேன். அங்கேயெல்லாம் சரளைக்கல் வெட்டவெளி எவ்வளவோ மேல்.

வெட்டவெளி ஜெயிக்கும் காலமும் ஒன்று உண்டு, குளிர்காலம். அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊரைச் சுற்றி மத்திய அரசின் பாலைவன நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்கலாம். ஜனவரிப் பகலில் 20 டிகிரி, மழை அபூர்வம், சோலார் பேனலை வைத்தால் மதியத்துக்குள் பேட்டரி நிறைந்துவிடும். ராத்திரி வானம் முழுக்க நட்சத்திரம். ரெட்வுட் காட்டில் அண்ணாந்து பார்த்தால் ஒரு கைக்குட்டை அளவு வானம்தான் தெரியும். அந்த மாதத்தில் ரெட்வுட் காடு நனைந்து, இருண்டு, வண்டிக்குள் ஜன்னலெல்லாம் வியர்த்து நிற்கும். டிசம்பர் விடுமுறைக்கு நான் நிழலைத் தேடுவதே இல்லை. அதே குவார்ட்ஸைட் ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிழலும் கரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பவர்கள் ஆற்றங்கரைத் தனியார் கேம்ப்கிரவுண்டுகளைப் பார்க்கலாம். வறண்ட மேற்குப் பகுதியில் பெரிய காட்டன்வுட் மரங்கள் ஆற்றோரத்தில்தான் வளரும். 1962-இல் கே.ஓ.ஏ. நிறுவனம் தன் முதல் கேம்ப்கிரவுண்டைத் தொடங்கியதும் மொன்டானாவில் பில்லிங்ஸ் ஊரில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில்தான். காசு கூட ஆகும்; அப்பா, அம்மாவுக்கு ராத்திரி மூச்சுக்கருவி போன்ற மின்சாதனம் தேவைப்பட்டால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "நிழல் உண்டு" என்ற குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். சாட்டிலைட் படத்தைத் திறந்து, மரம் தளத்துக்கு மேற்கிலோ தென்மேற்கிலோ இருக்கிறதா என்று பாருங்கள். கிழக்கே மட்டும் மரமிருந்தால் நிழல் காலையில், குளிரும் நேரத்தில் கிடைத்துவிட்டு, மதியம் போய்விடும். ஃப்ரிட்ஜின் காற்றுத் துவாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை நிழலுக்குக் கொடுங்கள். நேர் வெயில் அடித்தால் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராது. பாலும் தயிரும் கெடாமல் இருப்பது இதில்தான் இருக்கிறது.

அப்பா, அம்மா அடுத்த ஜூலையில் மறுபடி வருகிறார்கள். கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களுக்கு ஆறு மாதம் முன்பே, காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். மரத்தடித் தளங்கள் முதலில் போய்விடும். ஜனவரிக்கு அலாரம் வைத்துவிட்டேன். ரெட்டிங்கில் அதே சரளைக்கல் பார்க்கில்தான் இந்த முறையும் தங்கப் போகிறோம். ஆனால் ராத்திரி ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கழிவுத் தொட்டியைக் காலி செய்து, பேட்டரியை முழுசாக ஏற்றிக்கொண்டு, காலை ஏழுக்குக் காட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.