கைவீக்கத்தோடு 5 வருடம்: கட்டு, ஸ்லீவ், பயிற்சி

முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்கள் தெரு டெய்லர். ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தவர் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, வலது கை மட்டும் ஒரு இன்ச் கூட இருக்கே, போன தடவை இப்படி இல்லையே" என்றார். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து 14 மாதம் ஆகியிருந்தது. அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களை (உடம்பில் ஓடும் நிணநீரை வடிகட்டுகிற சின்ன முடிச்சுகள்) எடுத்திருந்தார்கள், ரேடியேஷனும் முடிந்திருந்தது. வலது கையில் வளையல் ஏறாததை, உடம்பு போட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 3 மாதம் வீணாகப் போனது. ஒரு கிளினிக்கில் நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீர் போனதே தவிர கை அப்படியே இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: இந்த வீக்கத்தில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்த நிணநீர். மாத்திரை தண்ணீரைக் குறைக்கலாம், புரதம் அங்கேயே தங்கி மறுபடி தண்ணீரை இழுக்கும். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம், யானைக்கால் வந்தவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அங்கே கொசு வழியாக வரும் புழு நிணநீர்ப் பாதையைக் கெடுக்கிறது, எனக்குக் கணுக்களை எடுத்ததாலும் ரேடியேஷனாலும் பாதை கெட்டது. இரண்டிலும் தேங்குவது ஒன்றுதான்.

இப்படி நிணநீர் தேங்கி வரும் வீக்கத்துக்கு லிம்ஃபெடிமா என்று பெயர். அதற்கென்றே பயிற்சி எடுத்த ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்த பிறகுதான் வழி பிறந்தது. மசாஜ் என்றதும் எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ எடுத்த எடுப்பில் கையைத் தொடவே இல்லை, முதலில் கழுத்து, அடுத்து இடது அக்குள், நெஞ்சு, கடைசியில்தான் வீங்கிய கை, அதுவும் தோல் மட்டும் லேசாக நகர்கிற அளவுக்கு. "போகிற வழியைத் திறக்காமல் தண்ணியைத் தள்ளினா எங்கம்மா போகும்?" என்றார். 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதி உருவாக்கிய முறையாம்.

ஆனால் என் அனுபவத்தில் கையைக் குறைத்தது மசாஜைவிடக் கட்டுதான். 3 வாரம், வாரத்தில் 5 நாள், விரல் நுனியிலிருந்து தோள் வரை பல அடுக்காகக் கட்டினார். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற கிரேப் பேண்டேஜ் இல்லை இது, அதிகம் இழுபடாத துணி. கையை அசைக்கும்போது தசை இந்தச் சுவரில் மோதி நிணநீரைத் தள்ளும், சும்மா இருக்கும்போது கட்டு அதிகம் இறுக்காது. அதனால் கட்டோடு சப்பாத்தி மாவு பிசையச் சொன்னார், பிசைந்தேன். முன்கையில் இரண்டு கைக்கும் இருந்த வித்தியாசம் 3.5 செ.மீ.யிலிருந்து 1.2 செ.மீ.க்கு இறங்கியது.

அடுத்து ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உறை. முதலில் ஆன்லைனில் மீடியம் சைஸ் என்று வாங்கி ஏமாந்தேன், மணிக்கட்டில் வெட்டி, புறங்கை பன் மாதிரி உப்பிவிட்டது. மணிக்கட்டு தொடங்கி அக்குள் வரை அளவெடுத்து, 20-30 மி.மீ. பாதரச அழுத்தத்தில், புறங்கைக்குத் தனி உறையோடு வாங்கியது சரியாக உட்கார்ந்தது. சமையலறை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் சுருக்கமில்லாமல் ஏறும். தேங்காய் எண்ணெய் பட்டால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், அதனால் தோலுக்குக் க்ரீம் இரவில் மட்டும். இரண்டு வைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டாலும் 6 மாதத்தில் பிடிப்பு போய்விடுகிறது, செலவு அதிகம்தான். மே மாத வெயிலில் அழுகையே வரும். ஒரு கோடையில் 10 நாள் போடாமல் விட்டேன், இறங்கிய அளவில் பாதி திரும்பி வந்துவிட்டது.

"அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று பயமுறுத்தாதவர்களே இல்லை. 2009இல் அமெரிக்காவில் இதே வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், மேற்பார்வையோடு மெதுவாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினேன், இப்போது 3 கிலோ தூக்குகிறேன், ஸ்லீவ் போட்டுக்கொண்டு மட்டும்.

நான் உண்மையில் பயப்படுவது காயத்துக்குத்தான். மூன்றாவது வருடம் மீன் கழுவும்போது விரலில் முள் குத்தியது. மறுநாள் சாயங்காலம் குளிர் நடுக்கத்தோடு ஜுரம், கை சிவந்து சுட்டது. செல்லுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதற்கு அடியிலும் பரவும் கிருமித் தொற்று. அன்றே ஆன்டிபயாடிக் தொடங்கியதால் தப்பித்தேன், ஆனால் கை பழைய அளவுக்கு வர 2 மாதம் ஆனது. சிவப்பும் ஜுரமும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் அக்கா தங்கைகள் இருந்தால் ஒன்று செய்யுங்கள்: போவதற்கு முன்பே இரண்டு கைகளையும் இன்ச் டேப்பால் அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். என்னிடம் அது இல்லை. டெய்லர் நோட்டில் இருந்த பழைய ஜாக்கெட் அளவை வைத்துத்தான் என் பிசியோ கணக்கே போட்டார்.