பத்துக் கிழமைச் சிறுகதைச் செயலமர்வு: 7,500 ரூபாவுக்கு என்ன கிடைக்கிறது

யாழ்ப்பாணத்தில் எழுத்துச் செயலமர்வு என்றால் பெரும்பாலும் ஒருநாள் நிகழ்வுதான். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை எல்லாம் முடியப் பதினொரு மணி. வகுப்பெடுக்க வந்த வளவாளர் சிறுகதையின் வரலாற்றைத் தொடங்கி 1930களின் மணிக்கொடி இதழ்க் காலத்தைத் தாண்டுவதற்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிடும். பின்னேரம் சான்றிதழும் குழுப்படமும். வந்த எண்பது பேரில் ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்கமாட்டார்கள். நகரை அண்டிய கல்லூரி ஒன்றில் சனிக்கிழமைகளில் நடக்கும் இந்த வகுப்பு அந்த வகை இல்லை. கதை கொடுக்காதவருக்கு இங்கே கதிரை இல்லை. கட்டணம் 7,500 ரூபா, பத்துக் கிழமை, பின்னேரம் 3 முதல் 6 வரை, 12 பேருக்கு மேல் எடுப்பதில்லை.

அந்த 12 சும்மா வைத்த எண் இல்லை. முதல் இரண்டு கிழமையும் வாசிப்பும் பயிற்சியும். மிச்சம் எட்டுக் கிழமையில் கிழமைக்கு மூன்று கதை, ஆக 24. ஆளுக்கு இரண்டு முறை வரும். ஒரு கதைக்கு 45 நிமிடம், எழுத்துப் பயிற்சிக்கு 30, தேத்தண்ணிக்கு 15: மூன்று மணித்தியாலம் சரி. 15 பேரைச் சேர்த்தால் கிழமைக்கு நாலு கதையாகி, ஒன்றுக்கு 34 நிமிடம்கூடத் தேறாது. அப்போது முதலில் வெட்டுப்படுவது எழுதியவர் கேள்வி கேட்கும் நேரம். இப்படியான வகுப்பு எதிலும் சேருமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், ஆளுக்கு எத்தனை நிமிடம்? நடத்துபவரின் விருதுப் பட்டியலைவிட இது உதவும்.

கதை 1,500 சொல்லுக்குள், புதன் இரவுக்குள் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும். 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் என்றால் ஆறு பக்கம் வரும். மற்ற 11 பேருக்கும் வளவாளருக்குமாக 12 பிரதி, 72 பக்கம். இரண்டு பக்கமும் அடித்தால் 36 தாள். போட்டோக்கொப்பிச் செலவு எழுதியவருடையது, கட்டணத்தில் அடங்காது. இதை விளம்பரத்தில் போட்டிருக்கலாம். கணினிக் கோப்பு அனுப்புபவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது பாமினி என்ற பழைய எழுத்துருவில். பாமினியில் தட்டிய கதை கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்த்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பவேண்டும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறும் இடங்கள் இருக்கலாம்.

வகுப்பில் கதையை உரத்து வாசிக்க விடுவதில்லை. சிலருக்கு இது கசக்கிறது, ஆனால் சரியான விதி. கவியரங்கமும் பட்டிமன்றமும் கேட்டு வளர்ந்த ஊர் இது. நல்ல குரல் இருந்தால் எந்தச் சொத்தைப் பந்தியையும் தூக்கி நிறுத்திவிடும். தாளில் அந்தக் குரல் இல்லை. பேனையோடு வீட்டில் இருந்து இரண்டு முறை வாசித்தவர்தான் நாலாம் பக்கத்தில் மாமாவின் பெயர் மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பார்.

கதையைக் கதைக்கும்போது முதல் 25 நிமிடம் எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936 இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையோடு பேரெடுத்த முறை இது. மற்றவர்கள் முதலில் கதையில் என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டும். நல்லது கெட்டது பிறகு. இந்தப் படி சின்னதாகத் தெரிந்தாலும், வந்த கதையும் எழுத நினைத்த கதையும் வேறு வேறு என்பது இங்கேதான் வெளிக்கிறது. பிறகு எங்கே தடக்கியது, எங்கே திரும்பி வாசிக்கவேண்டி வந்தது என்பது. எழுத்துப்பிழை பற்றிக் கதைக்கத் தடை. அதைப் பிரதியில் குறித்துக் கொடுத்துவிடலாம். ‘அருமை’, ‘மண்வாசனை’ இரண்டுக்கும் தடை. அடுத்த பத்து நிமிடம் எழுதியவரின் கேள்விகள், கடைசிப் பத்து வளவாளருக்கு.

வளவாளர் கடைசியில் பேசுவதுதான் இந்த வகுப்பின் உயிர்நாடி. வாத்தியார் வாய் திறந்தால் அதற்குப் பிறகு வேறு கருத்து வராத பழக்கம் எங்களுடையது. ஒரு கிழமை விருந்தினராக வந்த மூத்த எழுத்தாளர் முதலிலேயே தன் தீர்ப்பைச் சொல்லிவிட, மிச்ச நேரம் முழுக்க ‘ஐயா சொன்னமாதிரி’ என்றுதான் ஓடியது. விருந்தினருக்கும் அதே விதியைச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டால் என்ன?

போர்க்காலக் கதை வந்தால் இன்னொரு விதி. ‘நீங்கள்’ என்று சொல்லாமல் ‘கதைசொல்லி’ என்று சொல்லவேண்டும். காணாமற்போன அண்ணனைப் பற்றிய கதை மேசைக்கு வரும்போது, அது எழுதியவரின் அண்ணனோ என்ற யோசனையில் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். கதை திருத்தப்படாமலே போகும். ‘கதைசொல்லி மூன்றாம் பக்கத்தில் ஏன் திகதி சொல்கிறார்’ என்று கேட்கலாம். ‘நீங்கள் ஏன் சொன்னீர்கள்’ என்று கேட்க ஆருக்கும் மனம் வராது.

காசுக்குப் பெறுமதி முழுக்கத் தந்தது உரையாடல் பற்றிய நாலாவது கிழமை. யாழ்ப்பாணப் பேச்சில் முன்னிலைக்கு மரியாதை ஏறும் மூன்று படி: நீ போறாய், நீர் போறீர், நீங்கள் போறியள். புருசனும் பெண்சாதியும் ‘நீர்’ போட்டுக் கதைக்கும் ஒரு பக்கத்தைக் கொடுத்து, ஓரிடத்தில் மட்டும் ‘எங்க போறீர்?’ என்பதை ‘எங்க போறியள்?’ என்று மாற்றச் சொன்னார்கள். வேறொன்றும் தொடவில்லை. அந்த வரியிலிருந்து வீட்டுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. ‘கோபமாகக் கேட்டாள்’ என்று எழுதத் தேவையே இல்லை.

எழுத்துக்கூட்டல் பற்றியும் தெளிவாகச் சொன்னார்கள். ‘வருகிறேன்’ ‘வாறன்’ ஆகலாம், ‘பார்த்தேன்’ ‘பாத்தன்’ ஆகலாம். ஆனால் ‘நேற்று’, ‘காற்று’ இரண்டையும் ‘நேத்து’, ‘காத்து’ என்று எழுதினால் அது தமிழ்நாட்டுப் படத்தில் கேட்ட தமிழ். இங்கே அந்த றகர ஒலி பேச்சிலும் அழியாமல் நிற்கிறது. ஒலி ஒவ்வொன்றையும் எழுத்தில் பிடிக்கப் போனால் வாசகர் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவேண்டி வரும். வினைமுடிவையும் விளிச்சொல்லையும் பிடித்தால் போதும்.

அதே நாள் அரைமணிப் பயிற்சிக்குக் கொடுத்த வரி: ‘துயரம் தோய்ந்த விழிகளோடு அம்மா பனங்கிழங்கைக் கிழித்தாள்.’ துயரத்தையும் விழியையும் எடுத்துவிட்டு, கைவேலையை மட்டும் எழுதவேண்டும். தேறி வந்த ஒன்று: ‘அம்மா கிழங்கை இரண்டாகக் கிழித்தாள். நடுநாரை உருவிவிட்டு இரண்டு பாதியையும் தம்பியின் பக்கம் தள்ளினாள். சட்டியில் வேறு கிழங்கு இல்லை.’

குறை இரண்டு. முதலாவது பெரிது: திருத்திய பிரதியைக் கேட்பதில்லை. இரண்டாம் முறை ஆளுக்காள் புதுக் கதையோடு வருகிறார்கள். முதற்கதைக்குக் கிடைத்த 45 நிமிடக் கருத்தும் கொப்பிக்குள்ளே கிடக்கிறது. சொன்னபடி திருத்தினார்களா, திருத்தியும் கதை கெட்டதா என்று பார்க்க வழியில்லை. பன்னிரண்டு பேர் சொன்னதையும் கேட்டு மினுக்கினால் கதை கூட்டறிக்கை போலாகும் ஆபத்தும் உண்டு. இரண்டாம் சுற்றைத் திருத்திய பிரதிக்கென்றே ஒதுக்கி, நடன அமைப்பாளர் லிஸ் லெர்மனின் நாலு படி முறையில் நடத்தலாம்: மனத்தில் பட்டதைச் சொல்வது, படைத்தவர் கேட்பது, மற்றவர்கள் அபிப்பிராயம் ஒளிக்காத கேள்வி கேட்பது, கடைசியில் அனுமதி கேட்டு அபிப்பிராயம் சொல்வது. மூன்றாவதுதான் கைவரச் சிரமம். ‘ஏன் கிழவரைச் சாகடித்தீர்கள்?’ என்பது கேள்வி வேடம் போட்ட கண்டனம். ‘கிழவர் செத்தது எந்த இடத்தில் தெரியவரவேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்பது கேள்வி.

இரண்டாவது நேரம். ஐந்தரைக்கே வடமராட்சிக்கும் தீவுப்பக்கத்துக்கும் பஸ் பிடிப்பவர்கள் பையைத் தூக்கத் தொடங்க, மூன்றாவது கதை பாதி ஆட்களோடு முடிகிறது. ஒன்றரைக்குத் தொடங்கினால் தீரும்.

வாசிப்புப் பொதி பரவாயில்லை. 1946 இல் வந்த மறுமலர்ச்சி, 1966 இல் தொடங்கிய மல்லிகை என்று பெயர் சொல்லிவிட்டு விடாமல், அந்த இதழ்களை ‘நூலகம்’ என்ற ஈழத்து எண்ணிம நூலக இணையத்தளத்தில் எப்படித் தேடி எடுப்பது என்று காட்டினார்கள்.

சான்றிதழுக்காகப் போகிறவர்களுக்கு இது வீண்செலவு. ஒருநாள் செயலமர்விலும் அதே தாள்தான். போகிறவர்கள் பதியும்போதே முடித்த கதை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மூன்றாம் கிழமை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தால், திருத்தியதை அதே ஆட்களிடம் கொடுத்து வாசிப்பிக்க ஏழு கிழமை மிச்சம் இருக்கும்.