வி.ஆர் பேச்சுப் பயிற்சி: அந்தக் கண் மதிப்பெண்தான் தொல்லை

இன்னொரு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர், "ஊழியர்களுக்கு மேடைப்பேச்சு பழக்க வி.ஆர் ஹெட்செட் வாங்கலாமா?" என்று கேட்டார். தலையில் மாட்டினால் கண்முன் கணினி உருவாக்கிய அரங்கும் ஆட்களும் நிஜம்போலத் தெரியும் கருவி அது. எங்கள் அலுவலகத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாக அது ஓடுகிறது. எடை, பேட்டரி எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது கண் மதிப்பெண்ணைப் பற்றித்தான்.

பேசி முடித்ததும் திரையில் மதிப்பெண் வரும். வேகம், தடுமாற்றம் எல்லாம் ஓரளவு சரி. 'பார்வைத் தொடர்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதுதான் என் பொறுமையைச் சோதிக்கிறது. எங்களிடம் உள்ள ஹெட்செட்டில் கண்ணசைவைப் பதியும் சென்சாரே கிடையாது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, கண்ணும் அங்கேதான் பார்க்கிறது என்று அது முடிவுகட்டிவிடுகிறது. விற்பனைப் பிரிவில் இயல்பாகவே நன்றாகப் பேசும் ஒருவர், மதிப்பெண் ஏற வேண்டுமென்று டேபிள் ஃபேன் மாதிரி தலையைத் திருப்பப் பழகிவிட்டார். அப்புறம் நிஜ வாடிக்கையாளர் முன்னாலும் அதே. எதிரில் இருந்ததோ மூன்றே பேர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. நல்ல பேச்சைக் கெடுப்பதற்குப் பெயர் பயிற்சியா?

கண்ணசைவைப் பதியும் கருவிகள் இல்லாமலில்லை. 2022-இல் மெட்டா நிறுவனம் கொண்டுவந்த குவெஸ்ட் புரோ ஹெட்செட்டில் அது இருந்தது. மறுவருடம் வந்த குவெஸ்ட் 3-இல் இல்லை. புதுசுதானே, இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றை மறைக்க முடியாது. கணக்குப் பிரிவில் ஒரு பெண், கூட்டத்தில் எழுந்தாலே குரல் உள்ளே போய்விடும். ஆளில்லாத அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிறைந்த அரங்கின் முன் பேசிப் பேசிப் பழகினார். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவார், இன்னொருவர் செல்போனை நோண்டுவார். ஆரம்பத்தில் அதைப் பார்த்ததுமே இந்தப் பெண் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார். நிஜமில்லை என்று தெரிந்தும் உள்ளங்கை வியர்க்கிறது என்றார். அந்த வியர்வைதான் இந்தப் பயிற்சியின் பலமே. மேடை பயத்துக்கான சிகிச்சையாக 1990-களிலேயே வி.ஆரைச் சோதிக்கத் தொடங்கியதும் அதனால்தான். போன காலாண்டுக் கணக்கை அவரே நின்று விளக்கினார். இடையில் வந்த கேள்விக்கு நிறுத்தி, யோசித்து, பதிலும் சொன்னார். வகுப்பறைப் பயிற்சி எதுவும் அவரை இந்த இடத்துக்குக் கொண்டுவரவில்லை. தப்பாகப் பேசினாலும் பார்க்க ஆளில்லை என்பதே அவருக்குப் பெரிய தைரியம்.

சரி, நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால், மதிப்பெண் திரையை அணைத்துவைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். இந்தப் பயிற்சிக்கான எங்கள் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுந்து பேசப் பயப்படுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.