முதல் வண்டியாக ஒரு பழைய மிலிட்டரி நிசான் ஒன் டன்: சில வருட அனுபவம்

மிலிட்டரி டிஸ்போசல் வண்டியை, அதாவது ராணுவம் கழித்து விற்ற வண்டியை, முதல் வண்டியாக எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எடுக்கலாம், ஆனால் தினமும் வேலைக்குப் போய்வர அது ஒன்றுதான் என்றால் வேண்டாம். என்னிடம் பைக் இருந்தது. அதனால் வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் கிடந்தபோதும் பிழைப்பு நிற்கவில்லை. அந்தத் தெம்பு இருந்ததால்தான் ஒவ்வொரு வேலையையும் அவசரப்படாமல் செய்ய முடிந்தது.

என்னுடையது ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்த நிசான் ஒன் டன். முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி, அதற்கு மேல் வளைவுக் கம்பியும் தார்ப்பாயும். இதைவிட ஜோங்கா என்ற ராணுவ ஜீப்பைத்தான் பலருக்குத் தெரியும். அதுவும் அதே தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை வந்த வண்டி, இன்ஜினும் இதே குடும்பம். 106 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போன ஜோங்காவைப் பழைய குடியரசு தின அணிவகுப்புப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2019இல் தோனி ஒன்று வாங்கினார். அதற்குப் பிறகு யாரிடம் விலை கேட்டாலும் "தோனி வச்சிருக்கிற வண்டி தம்பி" என்றுதான் பேச்சே தொடங்குகிறது. அந்தப் பேச்சுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. வண்டியின் மதிப்பு அதன் காகிதத்திலும் சேஸி என்ற அடிச்சட்டத்திலும்தான் இருக்கிறது.

காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்தில் வெளியே வருகின்றன. இப்போது பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் வழியாக ஆன்லைன் ஏலம். அதில் ஓடும் நிலையில் உள்ள வண்டியும் உண்டு, உடைப்புக்கென்றே விற்கும் இரும்பும் உண்டு. ராணுவத்தில் இருக்கும்வரை வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவெண் கிடையாது. மேல்நோக்கிய அம்புக்குறியும் வருடத்தின் இரண்டு இலக்கமும் கொண்ட ராணுவ எண்தான். வெளியே வந்தபின் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ராணுவ அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று, அதாவது படிவம் 21, கட்டாயம். அது இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மேலூர் பக்கம் ஒரு வண்டி பார்த்தேன். தகரம் புதுசு போல இருந்தது, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, காகிதம் மட்டும் "வாங்கித் தந்துரலாம்" என்றார்கள். அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் எடுத்தது கம்பம் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி. டி.என். 60, தேனி பதிவு. தோட்டக்காரர் வீட்டில் ராணுவத்தின் விற்பனைக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார்கள். சேஸி எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தோம். கடிதத்தில் இருந்த எண், ஆர்.சி.யில் இருந்த எண், தாளில் விழுந்த எண் மூன்றும் ஒன்றாக இருந்தன. இன்ஜின் எண்ணும் அப்படியே. அப்புறம்தான் விலையே பேசினேன். சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 வருடம் முடிந்த பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வாங்கும்போது அந்தத் தேதி எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள்.

நிறத்திலும் சட்டம் இருக்கிறது. ராணுவத்தின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி இது. மிலிட்டரி வண்டியைப் பச்சையிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த நிறம் பணியில் இருப்பவர்களுக்கு உரியது என்பதுதான் என் எண்ணமும். என் வண்டிக்கு எங்கள் ஊர் கரிசலுக்கு ஒத்துப்போகிற ஓர் அடர்ந்த சாம்பல் நிறம் அடித்து, ஆர்.சி.யிலும் ஏற்றிவிட்டேன்.

பெயின்ட் சுரண்டிய நாட்கள் மறக்க முடியாதவை. தோட்டக்காரர் அடித்த நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை, பிரஷ் ஓடிய தடம்கூடத் தெரிந்தது. முன் பம்பரில் ஒரு மஞ்சள் வட்டம் வெளிவந்தது. ராணுவப் பாலங்கள் எவ்வளவு எடை தாங்கும் என்று வகுத்திருப்பார்கள். வண்டி எந்த வகை என்பதை அந்த வட்டத்துக்குள் எண்ணாக எழுதுவார்கள். பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் சேறும் கிரீஸும் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால் உள்ளே வெள்ளைப் பெயின்ட். எனக்குக் காரணம் தெரியவில்லை. ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு மேல குட்டியா ஒரு லைட்டு இருந்திருக்கும்டா. ராத்திரியில ஹெட்லைட்டே போடாமத்தான் கான்வாய் போகும். முன்னாடி வண்டியோட இந்த வெள்ளையப் பாத்துக்கிட்டே பின்னாடி போகணும்." லைட் பொருத்தியிருந்த தகரத் தாங்கி அங்கேயே இருந்தது. அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் மறுபடியும் வெள்ளையே அடித்தேன்.

மெக்கானிக்கைப் பற்றி. இப்போது மதுரையில் கார்புரேட்டர், பழைய இக்னிஷனின் பாயிண்ட், கண்டென்சர் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். எனக்குக் கிடைத்தவர் ஜீப்பும் பழைய லாரியும் பார்த்துப் பழகியவர். இன்ஜினைப் பிரிக்கலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "தம்பி, ஓடுறத நிப்பாட்டணும் மொதல்ல. ஓட்டுறத அப்புறம் பாப்போம்." அவர் சொன்ன வரிசையையே யாருக்கும் பரிந்துரைப்பேன். பிரேக், ஸ்டீரிங், அதற்குப் பிறகு இன்ஜின், கடைசியில் டிங்கரிங் என்ற தகர வேலை.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். என் வண்டியில் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது, மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு சக்கரத்தில் ஆயில் ஒழுகினால் நான்கும் போய்விடும். வீல் சிலிண்டர்களின் உள்பக்கம் துரு தின்று குழிகுழியாக இருந்தது. புதிது கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்து பித்தளை ஸ்லீவ் போட்டு, அளவுக்கு ஏற்ற கிட் ரப்பர் போட்டோம். பிரேக் குழாய் முழுவதும் புதிது. ஸ்டீரிங்கில் ஜாயிண்டுகள் தேய்ந்து கால் சுற்று சும்மா சுழன்றது; ஜாயிண்ட் மாற்றி, ஸ்டீரிங் பாக்ஸைத் திறந்து ஷிம் சரிசெய்த பிறகு நேராக ஓடுகிறது. கமான் பட்டைகளை இறக்கி, உடைந்ததை மாற்றி, புஷ் போட்டோம். இதற்கெல்லாம் மதுரையை விட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

பாகங்கள் கிடைக்குமா என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பேரிங்கின் ஓரத்திலேயே எண் இருக்கும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் தெரிந்தால் போதும். வெர்னியரால் அளந்துகொண்டு போய் எந்தப் பேரிங் கடையிலும் வாங்கலாம்; "நிசான் மிலிட்டரி வண்டிக்கு" என்று கேட்டால்தான் இல்லை என்பார்கள். கேஸ்கெட்டை ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங், வால்வு இவை மட்டும் டெல்லி வியாபாரிகளிடமிருந்து பார்சலில் வந்தன. சென்னை புதுப்பேட்டையிலும் தேடினேன், அங்கே ஒரு நல்ல கார்புரேட்டர் கிடைத்தது.

இன்ஜின் 3956 சி.சி., வரிசையாக 6 சிலிண்டர், 110 குதிரைத்திறன் பெட்ரோல். ஹெட்டைக் கழற்றியபோது எக்சாஸ்ட் வால்வுகள் அவை அமரும் இருக்கைக்குள் (வால்வு சீட்) தேய்ந்து ஆழமாக உட்கார்ந்திருந்தன. இது அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு வரும் பொதுவான வியாதி. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் ஈயமே வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே மெத்தையாக இருந்தது. 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. கடினப்படுத்திய இருக்கைகளை ஹெட்டில் அடித்து இறக்கிவிட்டால் பிறகு கவலையில்லை.

இப்போதைய பெட்ரோலில் வேறு ஒரு சங்கதி. பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் இளக்கிவிடும். காற்றின் ஈரத்தை இழுத்து டாங்கிக்குள் துருவையும் கிளப்பும். நான் டாங்கியை இறக்கித் துரு நீக்கி, குழாய் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றினேன். கார்புரேட்டர் ஜெட்டையும் ஒரு படி பெரிதாக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கலவை மெலிந்து இழுவையில் திணறுகிறது. வண்டியை நிறைய நாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுகிறேன்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொரு தொல்லை: வேப்பர் லாக். பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. திருமங்கலம் டோல்கேட் வரிசையில் ஊர்ந்தால் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பில் போட்டு ஆறவிட்டால் கிளம்பும். பிறகு எக்சாஸ்ட்டுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு தகடு வைத்து, குழாயைத் தள்ளிக் கொண்டுபோய் வெப்பத் தடுப்பு உறை போட்டோம். அதன்பின் கோடை முழுவதும் தொந்தரவில்லை.

ஓட்டுவது எப்படி? பெரியப்பாதான் கற்றுக்கொடுத்தார். கியர் இறக்க டபுள் கிளட்ச்: கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து, மறுபடி கிளட்ச், கியர். பக்கத்தில் உட்கார்ந்து "சத்தத்தக் கேளுடா, கைய அவசரப்படுத்தாத" என்று சொல்லிக்கொண்டே வருவார். இன்று என் கால் யோசிக்காமலே செய்கிறது. நாற்கரச் சாலையில் 60க்கு மேல் போகப் பிடிக்காது எனக்கும், வண்டிக்கும். பவர் ஸ்டீரிங் இல்லை, மாசி வீதிகளுக்குள் இதைக் கொண்டுபோகவே மாட்டேன். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பிடிப்பு போய்விடும்.

இந்த வண்டியின் உண்மையான இடம் எங்கள் கரிசல் காடுதான். ஐப்பசி மழையில் கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், டிராக்டரே தயங்கும். போன மழைக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு வண்டிப்பாதையில் இறங்கினேன். இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நான்கு சக்கரத்தையும் கோத்து, லோ கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டேன். ஐடிலிங்கிலேயே ஊர்ந்து மேடேறியது. களத்தில் நின்ற அம்மா, "எத்தன நாளா நோண்டிக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன், பரவாயில்லடா" என்றார். ஒன்று கவனியுங்கள்: தார் ரோட்டுக்கு வந்ததும் முன் சக்கரத்தைக் கட்டாயம் விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் டிரான்ஸ்ஃபர் கேஸும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்டும் முறுக்கேறித் தேயும்.

செலவு. சீரமைப்புக்கு ஆனது வண்டி விலையைவிட அதிகம். மைலேஜ் லிட்டருக்கு 4 கி.மீ., லோவில் உழைத்தால் அதற்கும் கீழே. பெட்ரோல் நூறைத் தாண்டிய விலையில் கிலோமீட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதனால் பலரும் டீசல் இன்ஜினுக்கு மாற்றச் சொல்கிறார்கள். நான் மாற்றவில்லை. மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றாமல் ஓடுகிற வண்டிகளை விற்கும்போதும் விபத்து நேரும்போதும் சிக்கல்தான். அதைவிட முக்கியம், இந்த 6 சிலிண்டரின் இழுவையும் ஐடிலிங் அமைதியும் எனக்கு வேண்டும். கொஞ்சமாக ஓட்டுகிறேன், அதே இன்ஜினோடு ஓட்டுகிறேன். தோப்புக்கும் காட்டுக்கும் வாரத்தில் சில நடை ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். மதுரைக்கும் விருதுநகருக்கும் தினம் போய்வருகிறவருக்குக் கட்டாது.

பராமரிப்பு என்று பார்த்தால், கிரீஸ் நிப்பிள்கள்தான் உயிர். சேற்றில் இறங்கி வந்தால் அன்றே கிரீஸ் அடித்துவிடுகிறேன். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன், ஸ்பேர் கண்டென்சர் ஒன்று எப்போதும் டேஷ்போர்டில் கிடக்கும். முன் ஹப்பில் ஆயில் சீல் இப்போது லேசாகக் கசிகிறது. அளவெடுத்து வாங்கி வைத்தாயிற்று, அறுப்பு முடிந்ததும் மாற்ற வேண்டும். அதோடு ரேடியேட்டரையும் கழற்றி கோர் மாற்றக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த சித்திரைக்கு முன்னால்.